பிரிபட்டால் மருதமரத்தடி

அந்த ஒரு கிழமை முழுக்க எங்கள் வீட்டில் சண்டை. போவதா விடுவதா என்பதல்ல பிரச்சினை, போவது முதல் நாளே முடிவாகிவிட்டது. எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் நானும் இவரும் மகளும் மூன்று திக்கில் நின்றோம்.

மகள் ஓ.எல். சோதனை எழுதி முடித்திருந்தாள். ஒரு வருசம் முழுக்க, ரியூசன் ரியூசன் என்று புதுக்குடியிருப்புச் சந்திக்குச் சைக்கிள் மிதித்த பிள்ளை. சோதனை முடியட்டும், கேட்டது வாங்கித் தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்திருந்தேன். ஒரு சட்டை கேட்பாள், மிஞ்சிப்போனால் நல்ல போன் ஒன்று கேட்பாள் என்று பார்த்தால், கிளிநொச்சியில் நடக்கிற இசைவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். இரண்டு நாள் விழா. முதல் நாள் நாட்டார் பாட்டும் மிருதங்கமும். அது அவளுக்கு வேண்டாம். இரண்டாம் நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு றொக் குழு வருகிறது. நாலு பெடியள், ஒரு பெட்டை. தாங்களே பாட்டு எழுதி, தாங்களே கிற்றார் அடித்து, தமிழில் பாடுகிறவர்கள். ஆறு மாதமாக எங்கள் குசினிக்குள் அவர்களுடைய பாட்டுத்தான். நான் தேங்காய் துருவினாலும் அது, மீன் வெட்டினாலும் அது. கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு பாட்டுப் பாடமாகிவிட்டது. அதை அவளுக்கு நான் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் இன்னும் சத்தமாகப் போடுவாள்.

"இஞ்சை பாருங்கோ அம்மா," என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மைதானத்தை வரைந்து படமாகப் போட்டிருந்தார்கள். மேலே மேடை. மேடைக்கு முன்னால் ஒரு பெரிய வெறும் இடம், நின்று பார்க்கிற ஆட்களுக்கு. அதற்குப் பின்னால் கதிரைகள். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், மற்றப் பக்கம் வாகனம் விடுகிற இடம். மகள் அந்த வெறும் இடத்தில், மேடையோடு ஒட்டி விரலை வைத்தாள்.

"நாங்கள் இதிலை."

"நாங்களோ?"

"சரி, நான்."

நான் படத்தில் வாசல் எங்கே என்று தேடினேன். வாசலுக்குக் கிட்ட இருந்த கடைசிக் கதிரை வரிசையில் என் விரலை வைத்தேன். "மூண்டு பேரும் இதிலை."

"அதிலை இருந்தா மேடையிலை நிக்கிறது ஆளோ ஆட்டுக்குட்டியோ எண்டே தெரியாதம்மா. றொக் எண்டா முன்னுக்கு நிக்கவேணும். அந்தச் சத்தம் நெஞ்சுக்கை அடிக்கவேணும்."

"நெஞ்சுக்கை அடிச்சது எங்களுக்குக் காணும்," என்றேன். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிள்ளையின் சந்தோசத்துக்குள் பழசைக் கொண்டுபோய்க் கொட்டாதே என்று எனக்கு நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இந்த வாய் கேட்டால்தானே.

இவர் முற்றத்தில் ஓட்டோவின் சில்லைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். ஓட்டோதான் எங்கள் சோறு. தலையை நிமிர்த்தாமலே, "ரெண்டு பேரும் ஏன் பிடுங்குப்படுறியள்? மைதானத்துக்குப் பின்னாலை குளக்கட்டிலை ஏறி இருந்து பாத்தா நல்ல காத்தும் வரும்," என்றார்.

"அப்பா, குளக்கட்டிலை இருந்தா றொக் பாக்கேலாது. கொக்குத்தான் பாக்கலாம்," என்றாள் மகள். இவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நட்டுக் கழற்றுகிற சாவி முற்றத்தில் விழுந்தது. தகப்பனும் மகளும் ஒரு கட்சி. நான்தான் எப்போதும் எதிர்க்கட்சி.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி யுத்தத்தின்போது எனக்கும் இவருக்கும் கலியாணம் முடிந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. சனம் வெள்ளமாய்க் கிளம்பி வந்தபோது நாங்களும் அதற்குள் வந்தோம். வழி முழுக்க இவர் என் கையை விடவில்லை. ஓரிடத்தில் ஆமிக்காரர் சோதனைக்கென்று ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்தார்கள். அந்தப் பக்கத்தால் வந்துவிடுவார் என்று நினைத்துக் கையை விட்டேன். ஆள் வரவில்லை. என்னை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், இவரை வேறொன்றில். வவுனியாப் பக்கத்து முகாமில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே நான் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் முகாம் வாசலில் போய் நிற்பேன். புதிதாய் வருகிற பஸ்களில் எப்படியும் இவர் வந்து இறங்குவார் என்பது என் கணக்கு. பொழுதுபடும்வரை நின்றுவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்புவேன். பத்தொன்பது நாள் அப்படி நின்றேன்.

இவர் அதே முகாமுக்குள்தான் இருந்திருக்கிறார்! நான் வந்த அன்று இரவே அவரும் வந்து இறங்கிவிட்டார். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் நின்றிருக்கிறார். எப்படியும் நான் தண்ணீர் எடுக்க வருவேன் என்பது அவருடைய கணக்கு. நானோ பகல் முழுக்க வாசலில் நின்றதால் பக்கத்துக் கூடாரத்துக்காரி என் தண்ணீரையும் எடுத்துத் தந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பத்தொன்பது நாள் ஆளுக்கொரு இடத்தில் காவல் நின்றிருக்கிறோம். கடைசியில் அந்தக் கூடாரத்துக்காரிதான், தாங்கியடியில் ஒருவர் என் பேரைச் சொல்லி விசாரிக்கிறார் என்று வந்து சொன்னாள். கண்டதும் கட்டிப்பிடித்து அழுதேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. "நான் என்ன குடத்தோடையே பிறந்தனான்? தண்ணிக்குத்தான் வருவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கத்தினேன். "நீர் வாசலிலை போய் நிண்டா ஆர் தண்ணி எடுக்கிறது?" என்று அவரும் கத்தினார். சனம் கூடி நின்று பார்த்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, இரண்டு பேருக்கும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். சனம் கூடுகிற எந்த இடத்துக்குப் போனாலும், உள்ளே கால் வைக்க முதல், பிரிபட்டால் எங்கே சந்திப்பது என்று பேசி வைக்கவேண்டும். பெரும்பாலும் ஒரு மரம். மரம் என்றால் ஓரிடத்தில் நிற்கும். இரண்டாவது சட்டம், பேசி வைத்த இடத்துக்கு வந்தவர் மற்றவர் வரும்வரை அசையக்கூடாது. கோயில் திருவிழாவென்றாலும் சரி, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியென்றாலும் சரி, மகள் நடை பழகின நாளிலிருந்து இது பழக்கம். "சந்தைக்கு ஒரு கட்டுக் கீரை வாங்கப் போறதுக்கும் ஒரு மரமோ அம்மா?" என்று இப்போது கேலி பண்ணுவாள். பண்ணட்டும். நான் முன்பள்ளி ரீச்சர். இருபத்திரண்டு குஞ்சுகளைக் காலையில் எண்ணி எடுத்து மத்தியானம் எண்ணிக் கொடுக்கிறவள். தலை எண்ணுவது என் தொழில். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வயதாகியும், சனத்துக்குள் அவள் கையை நான் ஒருநாளும் விட்டதில்லை. விட்டால் எனக்கு மூச்சு வராது. அவளும் இவ்வளவு காலம் ஒன்றும் சொல்லாமல் கையைத் தந்துகொண்டுதான் இருந்தாள். அந்தக் கிழமைதான் முதன்முறையாக, என் கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "அம்மா, ஒருக்கா மட்டும் நான் தனிய முன்னுக்கு நிண்டு பாக்கட்டே?"

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்படிக் கேட்டால் என்ன செய்வது? "அங்கை போய்ப் பாப்பம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஓட்டோவில் வெளிக்கிட்டோம். விசுவமடு தாண்டி, பரந்தன் சந்தியால் திரும்பிக் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் ஆளுக்கொரு பச்சைக் கடதாசிப் பட்டியை மணிக்கட்டில் ஒட்டிவிட்டார்கள். இது நல்ல யோசனை, என் முன்பள்ளிக்கும் ஒன்று வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். மகள் மேடையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எத்தனை வாசல், எது அகலம், எங்கே கயிறு கட்டியிருக்கிறது, கடைக்காரர் அடுப்பு எங்கே வைத்திருக்கிறார்கள். மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். இவர் கடதாசிச் சரையில் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார்.

"உங்களை ஆர் கேட்டது?"

"நான் கச்சானோடை கதைச்சனான்."

கதிரைகளுக்கு அப்பால், மைதானத்தின் ஒரு மூலையில், படத்தில் போடாத ஒரு மருதமரம் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத அடிமரம். எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற உயரம். கிட்டவே ஒரு சின்ன வாசலும் இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்கு அரைவாசி உயிர் வந்தது.

"சரி, கேள்," என்றேன் மகளிடம். "நீ முன்னுக்கு நிண்டு பார். பிரிபட்டால் இந்த மருதமரத்தடி. ஏதும் குழப்பமெண்டா நேரே இஞ்சை வா. கூட்டாளியைத் தேடிக்கொண்டு நிக்காதை. பாட்டு முடிஞ்சாலும் இஞ்சைதான்."

"போன் இருக்குத்தானே அம்மா."

"போன் செத்தால்?"

"சரி சரி, மரம்." சிரித்தாள். அவளுடைய ரியூசன் கூட்டாளி ஒருத்தி மேடைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்று பார்க்கிற இடத்தின் எல்லைக் கயிறுவரை நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கயிற்றடியில் நின்றேன். அவளும் நின்றாள். கையை இழுக்கவில்லை, அந்தப் பிள்ளை. நான் விடும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்தான் மெல்ல என் தோளைத் தட்டினார். விட்டேன். கயிற்றுக்குக் கீழால் குனிந்து போனவள் இரண்டு எட்டில் சனத்துக்குள் மறைந்துவிட்டாள்.

மரத்தடிக்குப் போய் இருந்தால் மனம் ஆறும் என்று திரும்பி நடந்தேன். போய்ப் பார்த்தால் மரத்தடியில் இருக்க இடமில்லை!

நாங்கள் அரை மணித்தியாலத்துக்கு முதல் பார்த்தபோது காக்கா குருவி இல்லாத இடம். இப்போது அடிமரத்தைச் சுற்றி மூன்று வட்டமாய்ச் சனம். எல்லோரும் என் வயது, இவர் வயது. சிலர் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சிலர் வேரில் இருந்தார்கள். ஒரு அம்மா பாயே கொண்டுவந்து விரித்திருந்தா.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ அண்ணை," என்றேன் ஒருவரிடம். "இது எங்கடை பிள்ளைக்குச் சொல்லி வைச்ச மரம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது எங்கடை பிள்ளைக்கும் சொல்லி வைச்ச மரம் அக்கா."

"எங்களுக்கும் இதுதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கடை பெடியனுக்கும்." "நாங்கள் மூண்டு மணிக்கே வந்து பாத்து வைச்சிட்டம்." இப்படியே வட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிளிநொச்சி, தண்ணீரூற்று, நெடுங்கேணி என்று ஊர் வேறு, மரம் ஒன்று. அட கோதாரி! இது எங்கள் வீட்டுச் சட்டம் என்றல்லவா நான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்? பிரிபட்டால் சந்திக்கவென்று எல்லோரும் ஒரே மரத்தைப் பேசி வைத்து, அந்த மைதானத்திலேயே ஆளைக் கண்டுபிடிக்க ஏலாத ஒரே இடமாக அந்த மரத்தடியை ஆக்கி வைத்திருந்தோம். இவர் அடக்கமாட்டாமல் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பாய்க்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

ஒரு வேரின் நுனியில் எனக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு அக்கா இருந்தா. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பம். கையில் செபமாலையைச் சுருட்டி வைத்திருந்தா. அவாவுடைய மகளும் முன்னுக்குத்தான் நிற்கிறாளாம். ஊர் விசாரித்தோம், தொழில் விசாரித்தோம், பிள்ளையின் சோதனை விசாரித்தோம். பிறகு, எந்த ஊரில் பிறந்தனீங்கள் என்று கேட்கிற மாதிரியே கேட்டா.

"நீங்கள் எங்கை பிரிபட்டனீங்கள், தங்கச்சி?"

"ஆமி ஆக்களைச் சோதிச்ச இடத்திலை, அக்கா. இவரோடைதான். பத்தொன்பது நாளிலை கண்டுபிடிச்சிட்டன்."

"நல்லது," என்றா. "மாதா காப்பாத்தினவா." செபமாலையை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினா. "நான் என்ரை தம்பியோடை ஒரு இடமும் பேசி வைக்கேல்லை. ஓடுற அவதியிலை அது நினைவு வரேல்லை. இண்டைக்கும் எங்கை போய் நிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

இவரிடமிருந்த கச்சான் சரையைப் பறித்து அவாவிடம் நீட்டினேன். அவா இரண்டு கச்சான் எடுத்தா. ஒன்றை உடைத்து என் கையில் வைத்தா.

அந்த நேரம் பார்த்து மேடையில் முதல் அடி விழுந்தது. மரத்தடியில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் தோளுக்குள் இறங்கின. பாய்க்கார அம்மா பாயிலேயே குப்புறப் படுத்துவிட்டா. பிறகு ஒவ்வொருவராய் நிமிர்ந்து, மற்றவரும் நிமிர்வதைப் பார்த்து, அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டோம். "றம் அடிக்கிறாங்கள், றம்," என்று ஒருவர், மேளம் அடிப்பது போலக் கையை ஆட்டி, எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார்.

அங்கிருந்து மேடை தெரியவில்லை. மருதின் தாழ்ந்த கிளை ஒன்று மேடையை மறைத்தது. மிச்சத்தைக் கதிரைக்காரர்களின் தலை மறைத்தது. வானத்தில் சிவப்பும் நீலமுமாய் வெளிச்சம் அடிப்பது மட்டும் தெரிந்தது. நாங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இரண்டு பாட்டுப் போனது, மூன்று போனது. மகளுக்கு ஒரு தரம் போன் எடுத்தேன். அடித்தது, அவள் எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்றார் இவர். அதுவும் சரிதான் என்று ஒரு நிமிசம் பொறுத்துவிட்டு இன்னொரு தரம் எடுத்தேன்.

நாலாவது பாட்டின் நடுவில், படக்கென்று எல்லாம் நின்றது. ஜெனரேற்றர் செத்துவிட்டது. பொழுதும் பட்டுவிட்ட நேரம். மேடை, கடைகள், வாசல் எல்லாம் ஒரேயடியாக இருண்டன.

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் எழும்பி நின்றோம். எனக்குப் பக்கத்தில் அக்காவின் செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. முன்பக்கமிருந்து, மேடையடியிலிருந்து, பெரிய கூச்சல் ஒன்று கிளம்பியது. எனக்கு அது அழுகைச் சத்தம் போலத்தான் கேட்டது. கால் தன்பாட்டில் வெளிக்கிட்டுவிட்டது.

"இஞ்சாரும், நில்லும்!" இவர் என் சேலையைப் பிடித்தார். "வந்த ஆள் அசையக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"நீங்கள் அசையாதேங்கோ. நான் போறன்."

கதிரைகளுக்கு நடுவால் போய், கயிற்றுக்குக் கீழால் குனிந்து, சனத்துக்குள் இறங்கினேன். அத்தனை வருசத்துக்குப் பிறகு, ஒருவர் கையையும் பிடிக்காமல், தனியே. தோளோடு தோள் உரசியது, ஆரோ என் செருப்பை மிதித்தார்கள். "தள்ளுங்கோ, விடுங்கோ, என்ரை பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே போனேன். "அன்ரி, பாத்து, இதாலை வாங்கோ," என்று ஒரு பெடியன் விலகி வழி விட்டான். இன்னொருத்தி தன் போன் வெளிச்சத்தை என் காலடிக்குப் பிடித்தாள். அப்போதுதான் கவனித்தேன். அங்கே ஒருவரும் அழவில்லை. அந்தக் கூச்சல் சிரிப்பு. எல்லோரும் போன் வெளிச்சத்தை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தாங்களே பாடிக்கொண்டிருந்தார்கள். மைக் இல்லை, கிற்றார் இல்லை. குழுக்காரர் மேடை விளிம்பில் வந்து இருந்து கையால் தாளம் போட்டார்கள்.

மகளை முதுகுப் பக்கமாய்த்தான் கண்டேன். காலையில் நான் இழுத்துக் கட்டிவிட்ட பின்னல் அவிழ்ந்து கிடந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பேர். கையை நீட்டினால் தோளைத் தொடலாம். நீட்டியும் விட்டேன்.

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். ஒன்றில் போன் வெளிச்சம், மற்றது வெறுங்கை. அந்த இருட்டில், அந்த நெரிசலில், ஒருவரையும் பிடிக்காமல், தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கூட்டாளி ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. காணவும் ஏலாது, சனம் கூடின இடத்தில் அவள் என்னோடுதான் நின்றிருக்கிறாள், என்னோடு நின்றால் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பயமாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளை அது. இன்றைக்குப் பார்க்க என் முகம் அங்கே இல்லை. சனத்தைக் கண்டு பயமில்லாத ஒரு பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று அந்த இடத்தில் நின்றுதான் எனக்குத் தெரிந்தது. சந்தோசத்தில் அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவர்கள் பாடியது எனக்குப் பாடமான அந்தப் பாட்டு. நானும் பாடினேன், சத்தம் வெளியே வராமல். கடைசி அடிக்கு வரும்போது ஜெனரேற்றர் உறுமியது, மேடை வெளிச்சம் ஒரேயடியாய் எரிந்தது, றம் ஒன்று விழுந்தது. நெஞ்சுக்குள்தான் அடித்தது, பிள்ளை சொன்னது சரி. வெளிச்சத்தில் அவள் திரும்பினால் என்னைக் கண்டுவிடுவாள். கண்டால் கையை இறக்கிவிடுவாள். குனிந்துகொண்டு, வந்த வழியே, ஆட்களை விலக்கி விலக்கித் திரும்பி வந்தேன்.

மரத்தடியில் இவர் பேசி வைத்த இடத்தில் அசையாமல் நின்றார். கழுத்து மட்டும் கொக்குப் போல நீண்டிருந்தது. என்னைத் தனியே கண்டதும் முகம் செத்துவிட்டது. செபமாலைக்கார அக்கா எழும்பி ஓடிவந்தா.

"பிள்ளையைக் கண்டனீங்களே, தங்கச்சி?"

"கண்டனான், அக்கா. உங்கடை பிள்ளையும் அதுக்கைதான் எங்கையோ பாடிக்கொண்டு நிக்கும். ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"பின்னை ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"விட்டிட்டு வந்திட்டன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்த யுத்தத்துக்குப் பிறகு இந்தச் சொல்லைச் சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவர்கள் பிறகு சிரித்ததை நான் கண்டதில்லை. நானோ சிரித்துக்கொண்டு நின்றேன், கண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. அக்கா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டா, செபமாலையோடு சேர்த்து. இவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து, வேரில் எனக்கு இருக்க இடம் விட்டார். மூன்று பேரும் இருந்து, கிளைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாத மேடையிலிருந்து மிச்சப் பாட்டு முழுவதையும் கேட்டோம்.

பாட்டு முடிந்ததும் வந்தாள். அத்தனை சனத்துக்குள்ளும் எங்களைத் தேடிக் கண்டுபிடித்து, வந்ததும் வராததுமாய், "அம்மா, பசிக்குது," என்றாள்.